ஒற்றைக் கம்பி

மராட்டிய மண்ணின் துண்துணேவுக்கு ஒரே கம்பிதான். குடைந்தெடுத்த மர உருளை ஒன்று வேண்டும். நெல் அளக்கும் படியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்வாய் திறந்திருக்கும், அடிவாயில் தோல் இழுத்துக் கட்டப்படும். பக்கவாட்டில் ஒரு கழியை ஆணியடித்து நிறுத்துவார்கள். தோலின் நடுவே துளையிட்டு, கம்பி பிய்த்துக்கொண்டு வராதபடி வெளிப்புறம் சிறு துண்டொன்றில் முடிந்து, உருளைக்குள்ளாக மேலே கொண்டுபோய்க் கழியின் தலையிலுள்ள பிரடையில் சுற்றினால் கருவி தயார்.

ராகம் வாசிக்க இதில் வழியில்லை. சுருதியும் தாளமும் மட்டுமே கிடைக்கும். பண்டிதர்கள் குறை என்பார்கள். என் பார்வையில் அதுதான் பலம். கருவி பின்னால் நிற்க, பாடுபவரின் சொல் முன்னால் வருகிறது.

தமாஷாவில் இதை மீட்டி ஆடிப்பாடியவர்களில் மஹார், மாங் சாதியினர் ஏராளம். ஆட்டத்தை ரசித்த ஊர், ஆடியவர்களைச் சேரிக்கே திருப்பி அனுப்பியது. 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றோர் அம்பேத்கரிய ஜல்சாவில் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, பாட்டின் பொருளை மாற்றினார்கள்: பிள்ளையைப் படிக்க வை, இழிதொழிலை விடு.

செத்த மாட்டைத் தூக்காதே என்ற இயக்கத்துக்குத் தோல் கட்டிய கருவியா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பறையை வைத்து நாம் நடத்தும் விவாதமும் இதுதானே! தோலில் இழிவில்லை. மறுக்க முடியாத ஊர்க்கடமையாக அதைத் தலையில் கட்டியதில்தான் இழிவு. ஜல்சாக்காரரை எந்த ஊரும் அடித்துக் கூப்பிடவில்லை. பத்திரிகை போகாத, போனாலும் படிக்க ஆளில்லாத சேரிகளுக்கு அவரே துண்துணேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.