எண்ணெய்க் கிணற்று மென்பொருள்: 'சிறிய திருத்தம்' ஏன் சிறியது இல்லை?

கைத்தொலைபேசியில் ஒரு செயலிக்கு அப்டேட் வந்தால் நீங்கள் என்ன செய்வீங்க? "புதிய அம்சங்கள், சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற வரியைப் படிக்காமலேயே பட்டனைத் தட்டிடுவீங்க, இல்லையா?

எண்ணெய் வயல் தரவுகளை நிர்வகிக்கும் மென்பொருளுக்கும் இப்படித்தான் அப்டேட் வரும். ஆனால் அங்கே அந்த ஒரு வரியை யாரும் தாண்டிப் போக முடியாது.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது?

ஒரு கிணறு எங்கே இருக்கு, எவ்வளவு ஆழம், என்ன பாறை, எவ்வளவு அழுத்தம், தினமும் எத்தனை பீப்பாய் எண்ணெய் வருது? இந்த விவரங்கள் எல்லாம் வெவ்வேறு கருவிகளிலிருந்து, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வடிவத்தில் வரும். அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துக் காப்பதுதான் அதன் வேலை. பூமிக்கு அடியில் என்ன இருக்குன்னு யாரும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. பொறியாளர்களுக்குக் கண்ணே இந்தத் தரவுதான்.

பிழை எங்கே நுழைகிறது?

இடம்: சபா, சரவாக் பகுதிகளின் பழைய வரைபடங்கள் பல, லாபுவானில் உள்ள திம்பலாயை அடிப்படையாகக் கொண்ட 1948ஆம் ஆண்டு அளவை முறையில் வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு முறையில் இயங்குகிறது. பழைய எண்ணை மாற்றாமல் அப்படியே போட்டால், கிணறு சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும்.

ஆழம்: 3,000 என்று மட்டும் எழுதியிருந்தால் அது அடியா, மீட்டரா? 3,000 அடி என்பது சுமார் 914 மீட்டர்தான். சாய்வாகத் துளையிட்ட கிணறு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அது குழாய் வழியே அளந்த நீளமா, நேர்கீழான ஆழமா?

விடுபட்ட அளவு: கருவி அளக்காத இடத்தில் -999.25 என்ற எண்ணைப் போடுவது இந்தத் துறையில் வழக்கம். 'இங்கே தரவு இல்லை' என்பதற்கான அடையாளம் அது. மென்பொருள் அதை உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டால்? 20, 22, 21 ஆகிய மூன்றின் சராசரி 21. கூடவே அந்த எண்ணும் சேர்ந்தால் சராசரி -234 ஆகிவிடும்!

நிஜமாகவே ஆபத்து உண்டா?

1980 நவம்பர் 20. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பெனியூர் ஏரியில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. துளை அதற்குள் இறங்கியது. ஏரித் தண்ணீர் முழுவதும் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. துளையிடும் மேடையையும் 11 சரக்கு மிதவைகளையும் சுழல் விழுங்கியது. சுரங்கத்தில் இருந்த எல்லாரும் உயிர் தப்பினார்கள்.

ஆதாரங்களும் மூழ்கிவிட்டதால், விசாரணையில் காரணம் உறுதியாகவில்லை. இருந்தாலும், இடத்தைக் குறிக்கும் இரண்டு முறைகளைக் குழப்பிக்கொண்டதே காரணம் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது.

இப்போது என்ன புதுசு?

முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் தனித்தனி 'மொழி' பேசியது. 2018இல் ஷெல், ஷெவ்ரான், ஈக்வினோர் போன்ற நிறுவனங்கள் ஓஎஸ்டியூ என்ற பொதுவான தளத்தை உருவாக்கக் கைகோத்தன. அது திறந்த மூல மென்பொருள். 2021இல் அதன் 'மெர்க்குரி' பதிப்பு வெளிவந்தது.

அதில் முக்கியமானவை மூன்று. எண்ணோடு அதன் அலகும் இட அளவை முறையும் சேர்ந்தே பதிவாகும். ஒருவர் திருத்தினாலும் பழைய பதிவு அழியாது. புதிய பதிப்பாகச் சேரும். எந்தத் தரவை யார் பார்க்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

உங்களுக்கு இதில் என்ன?

நீங்கள் பொறியியலோ தரவு அறிவியலோ படிப்பவராக இருக்கலாம். பள்ளி அறிவியல் புராஜெக்ட்டுக்கு ஒரு அட்டவணை தயாரிப்பவராகவும் இருக்கலாம். பழக்கம் ஒன்றுதான்: எண்ணை மட்டும் எழுதாதீங்க. அலகு என்ன, எங்கிருந்து அளந்தது, எப்போது அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்க.

அடுத்த முறை அப்டேட் வரும்போது, புதிய அம்சங்களுக்கு முன்னாடி 'சரிசெய்யப்பட்டவை' பகுதியைப் படிச்சுப் பாருங்க. நேற்றுவரை எந்த எண்ணைத் தப்பா நம்பினோம் என்பது அங்கேதான் இருக்கும்.