வில்லுக்கும் பலாவுக்கும் ஒரே மஞ்சள்

விழுப்புரம் என்ற பெயரை ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் வெளியூர்க்காரர், இது வில்லுக்குப் பேர்போன ஊர் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ழகரம் இல்லாததால் வந்த வினை. ஆனால் உலகின் பேர்பெற்ற வில் மரம் ஒன்றுக்கு நெருங்கிய சொந்தக்கார மரம் இந்தப் பக்கத்து மர மில்களில் அறுபடுகிறது. அது பலா.

பண்ருட்டிப் பக்கம் பலாக்கட்டை ரம்பத்தில் ஏறும்போது ஒருமுறை நின்று பாருங்கள். பசுமஞ்சளை நறுக்கிய நிறம். பறக்கும் தூள், அறுப்பவரின் புருவத்தில்கூட மஞ்சளாய் ஒட்டியிருக்கும். வீட்டுக்குக் கதவு செய்ய வந்த ஆசாரி என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “இந்தக் கலர் இப்படியே இருக்கும்னு நெனச்சுக்காதீங்க சார். நாள் போவப் போவ செவந்துடும்.” செவந்துதான் போனது. பழைய மிருதங்கக் கட்டையையும் வீணைக் குடத்தையும் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்பழுப்பு தெரியும். இரண்டுக்கும் பலாதான் மரம்.

அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் வளரும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே ‘வில் மரம்’. ஓசேஜ் பழங்குடியினர் அதில்தான் வில் செய்தார்கள். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது ஆல், அத்தி, பலா குடும்பம். காயை வெட்டினால் பால் வடியும். புதிதாகச் செதுக்கிய வில் பளிச்சென்ற மஞ்சளில் இருக்கும். சில ஆண்டுகளில் தேன் நிறம், பிறகு கரும்பழுப்பு. கையால் வில் செய்பவர்களில் பாதிப் பேர் அந்த மஞ்சள் போகிறதே என்று வருந்துவார்கள். மீதிப் பேர் சீக்கிரம் பழுக்கட்டும் என்று வெயிலில் வைப்பார்கள்.

பலா, வில் மரம் இரண்டின் வைரத்திலும் ‘மோரின்’ என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. வைரம் என்பது மரத்தின் நடுப்பகுதி. தொல்காப்பியம் அகக்காழ் என்று சொல்வது இதைத்தான். மரம் முதிரும்போது உள்பக்கத்து உயிரணுக்கள் இறக்கின்றன. பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் பொருள்கள் அங்கே சேர்கின்றன. நிறமும் அவற்றோடு வருகிறது. மியான்மர், தாய்லாந்து பௌத்தத் துறவிகளின் காவிக்குப் பலாச் சிராய்களைக் கொதிக்க வைத்த சாயம் பயன்பட்டது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரின் காக்கிக்கு வில் மரச் சாயம் உதவியது. துறவிக்கும் சிப்பாய்க்கும் ஒரே குடும்பத்துச் சாயம்!

இந்த மஞ்சள் ஏன் நிற்பதில்லை? கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் என்ன ஆகிறது? அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்களாக மாறிக் கறுக்கின்றன. மரத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். கத்தரிக்காயில் நொதி செய்யும் வேலையை இங்கே ஒளி செய்கிறது. அதனால் நிமிடக் கணக்கு மாதக் கணக்காகிறது. மோரினும் ஃபீனால் வகைதான். அதோடு மரத்தில் சுமார் கால் பங்கு லிக்னின் இருக்கிறது, நார்களைப் பிணைக்கும் பசை. புற ஊதாக் கதிர் பட்டால் லிக்னினும் உடைந்து பழுப்பேறும். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இந்த லிக்னினால்தான்.

இதையெல்லாம் ஜன்னலோரத்திலேயே பார்த்துவிடலாம். இழைத்த பலாத்துண்டு ஒன்றின்மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, வெயில் படும் இடத்தில் சில வாரம் விட்டுவிடுங்கள். எடுத்தால் சுற்றிலும் பழுப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். வில்லிலும் அப்படியே: பிடியில் சுற்றிய தோலை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். புற ஊதாக் கதிர் மரத்துக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் போவதில்லை. இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தால் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஆகவே நிறம் மாறியதற்காக வில்லின் வலு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். வார்னிஷ் அடித்தால் மாற்றம் தாமதமாகும், நிற்காது.

மழையில் கிடக்கும் மரம் வேறு மாதிரி. பழைய மாட்டுவண்டியின் ஏர்க்கால் ஏன் பழுப்பாகாமல் சாம்பல் நிறமாகிறது? வெயில் லிக்னினை உடைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதன்மேல் பூஞ்சை படர்ந்தால் கருஞ்சாம்பல்.

திண்டிவனத்திலிருந்து அதிக தூரமில்லாத திருவக்கரையில் இதற்கெல்லாம் அடங்காத மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள்; பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781இல் இவற்றைப் பற்றி எழுதினார். கணு தெரியும், நார் ஓட்டம் தெரியும், தொட்டால் கல். மரப்பொருள் இருந்த இடத்தில் சிலிக்கா உட்கார்ந்துவிட்டது. அங்கே காணும் சிவப்பும் பழுப்பும் இரும்பு ஆக்சைடு தந்தவை. எந்த இழைப்புளிக்கும் அங்கே மஞ்சள் கிடைக்காது.