விடியல் தொழுகையும் நல்ல முடிவும்

மதுரைச் சீமைக்குக் கிழக்கே கடல் சூழ்ந்த ஊர் இராமேசுவரம். அங்கே மசூதித் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர் 1976-ஆம் ஆண்டு தமது 102-ஆம் வயதில் வஃபாத்தானார். குடியரசுத் தலைவராயிருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாமின் அருமைத் தந்தை இவர்.

அன்பர்களே! ஈமானோடு மரணிக்கும் பேற்றை நாள்தோறும் வேண்டுகிறோம். அந்நற்பேறு கடைசி நாளில் திடீரெனத் தேடிக்கொள்வதன்று. 'அக்கினிச் சிறகுகள்' நூலில் மகன் நினைவுகூரும் இப்பெரியாரின் விடியலைப் பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்து தொழுவார். பின் நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பிறகே பசியாறுவார். அறுபதைக் கடந்தும் இவ்வழக்கம் நிற்கவில்லை.

தொழுகை முடித்து வரும் அவருக்காகப் பல சமயத்தாரும் கிண்ணத்தில் நீரேந்திக் காத்திருப்பர். விரல் நனைத்து ஓதிக் கொடுப்பார். நோய் நீங்கி நன்றி கூற வந்தோரிடம், அல்லாஹ்வுக்கே நன்றி செலுத்துங்கள் என்பார்.

மகன் திட்ட இயக்குநராயிருந்த எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1980-இல் விண்ணில் வென்றதையும், 2002-இல் மகன் நாட்டின் முதற் குடிமகனானதையும் தந்தை காணவில்லை. ஆயினும் இழப்பென்ன? மனிதன் மறைந்த பின்னும் அவனைத் தொடரும் மூன்றனுள், அவனுக்காக இறைஞ்சும் நல்ல பிள்ளையும் ஒன்றென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றுள்ளார்கள்.

தந்தை உயிரோடிருந்தால் இன்றே அருகில் அமர்ந்து பணிவிடை செய்யுங்கள். மறைந்திருந்தால் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவருக்காகக் கையேந்துங்கள். வல்ல நாயன் ஏற்றருள்வானாக! ஆமீன்.