பாண்டிய நாட்டு வெள்ளி, தாங் நாட்டு வெள்ளி

சீனச் சரித்திரத் தொடர்களுக்கு இப்போது தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் உண்டு. பட்டு உடை, வாள்வீச்சு, அரண்மனைச் சதி, நடுவே சேர்ந்து பிரிந்து மறுபடி சேரத் தவிக்கும் ஒரு ஜோடி. இந்தக் கதைகளின் ஊற்றுகளில் பெரியது, 8ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசை உலுக்கிய ஆன் லூஷான் கலகம். 2017இல் வந்த ‘தி குளோரி ஆஃப் தாங் டைனஸ்டி’ தொடரின் களமும் அதுதான். அதன் நாயகி ஷென் சென்சூ நிஜமாக வாழ்ந்தவர், இளவரசர் லி சூவின் துணைவி. கலகக்காரர்களிடம் சிக்கினார், மீட்கப்பட்டார், மீண்டும் காணாமல் போனார். அவருடைய மகன் 779இல் பேரரசரான பிறகு ஆள் விட்டுத் தேடச் சொன்னார். கிடைக்கவே இல்லை.

இன்னும் புகழ்பெற்ற காதல், முதிய பேரரசர் சுவான்சோங்குக்கும் யாங் குய்ஃபெய்க்கும் நடுவிலானது. அவள் முதலில் அவருடைய மகனின் மனைவி என்பதைத் தொடர்கள் பெரும்பாலும் நாசூக்காகக் கடந்துவிடும். இருவருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்த எல்லைத் தளபதி ஆன் லூஷான், 755 டிசம்பர் 16 அன்று, இன்றைய பெய்ஜிங் பக்கத்திலிருந்து படையோடு கிளம்பினான். அடுத்த ஜூலையில் தலைநகர் சாங்ஆனை விட்டுப் பேரரசர் ஓடினார். மாவெய் என்ற இடத்தில் காவல்படையே நகர மறுத்தது. யாங்கின் உறவினரான முதலமைச்சரை வெட்டிவிட்டு அவளுடைய உயிரையும் கேட்டது. பேரரசர் கொடுத்தார்.

இவ்வளவும் நமக்கு எதற்கு என்றால், அந்த டிசம்பர் விடியலின் வானத்தில் ஒரு காட்சி இருந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நன்றாகத் தெரிந்த காட்சி.

அந்த ஊர் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 13ஆம் பாட்டில், தூங்கும் தோழியை எழுப்ப வந்த பெண்கள் பொழுது விடிந்ததற்கு அடையாளமாக, கிழக்கே வெள்ளி எழுந்ததையும் மேற்கே வியாழன் அடங்கியதையும் சொல்கிறார்கள். மு. இராகவையங்கார் ‘ஆழ்வார்கள் காலநிலை’ ஆய்வில் இதை ஒரு தேதியாகவே எடுத்துக்கொண்டார். மார்கழி, முழுநிலா, வெள்ளி உதயம், வியாழன் அத்தமனம் எல்லாம் ஒன்றாகக் கூடும் நாள் எது? 731 டிசம்பர் 18 அதிகாலை என்று வந்தது அவருக்கு. ஆண்டாளை 9ஆம் நூற்றாண்டில் வைப்பவர்களும் உண்டு. அது வெறும் கவி வழக்கு, பஞ்சாங்கம் அல்ல என்பவர்களும் உண்டு. ஆனால் கோள்களின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் 731 அசையாமல் நிற்கிறது. அன்று சூரியனுக்கு மேற்கே 43 பாகையளவில் வெள்ளி, அதற்கு ஏறக்குறைய நேர் எதிரே வியாழன், நிலாவும் முழுநிலா.

இது ஏன் அபூர்வம்? வெள்ளி பூமியை விடச் சூரியனுக்கு அருகில் சுற்றுவதால், நம் பார்வையில் அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே விடியலில் கிழக்கே, இல்லையென்றால் அந்தியில் மேற்கே. நள்ளிரவில் உச்சியில் அதைப் பார்க்கவே முடியாது. 584 நாளுக்கு ஒருமுறை அது தன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஐந்து ஆட்டம் முடிந்தால் 2,920 நாள், அதாவது ஏறக்குறைய 8 ஆண்டு. எனவே ஒரு மார்கழியில் விடிவெள்ளி எங்கே நின்றதோ, எட்டு ஆண்டு கழித்து அதே மார்கழியில் அங்கேயே நிற்கும். வியாழனுக்கு ஒரு சுற்று 12 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. எட்டும் பன்னிரண்டும் சந்திப்பது 24இல்.

731உடன் 24ஐக் கூட்டுங்கள். 755.

ஆன் லூஷான் குதிரையேறிய அந்த வாரத்து விடியல்களில், ஆண்டாளின் அதே வெள்ளி ஏறக்குறைய அதே இடத்தில் எழுந்தது. எதிர்ப்புறம் வியாழன் சரிந்துகொண்டிருந்தது. துல்லியமாகச் சொன்னால் வியாழன் எட்டு ஒன்பது பாகை முன்னே நகர்ந்துவிட்டதால், வெள்ளி எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்தே மறைந்திருக்கும். நிலாவும் பொருந்தவில்லை. கலகம் தொடங்கியதைச் சீன வரலாறு சந்திர மாதத்தின் 9ஆம் நாள் என்று குறிக்கிறது. அதாவது பாதிக்குச் சற்று மேலான வளர்பிறை. நிலாவின் சுழற்சி 19 ஆண்டுக்கு ஒருமுறைதான் தேதியோடு ஒத்துவரும், 24க்கு அது கட்டுப்படாது. தேதி கண்டுபிடிப்பவர்களுக்கு நிலா பெரிய துணையாவது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் தொடுவானம் கடல்போலத் தட்டையாக இருக்கும் என்று வைத்துக்கொள்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிளவக்கல் அணைக்குப் போனவர்களுக்குச் சிரிப்பு வரும். பெரியாறும் கோவிலாறும் இறங்கிவரும் அந்த இடத்தில் மேற்கு என்பதே ஒரு மலைச்சுவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள்ளிருந்து பார்த்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணை மறித்துத்தான் நிற்கும். வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை திரும்புகிறது. மலை முகடு ஐந்து பாகை உயரம் தெரிந்தால், வியாழன் கணக்கில் வரும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே மறைந்துவிடும். கிழக்கே அப்படி மறிப்பு இல்லை, திறந்த சமவெளி. ஆகவே இந்த ஊர்க்காரருக்கு வியாழன் ‘தூங்கப் போவது’ மற்றவர்களை விடச் சீக்கிரம். தேதியை நிமிடம் வரை சொல்பவர்கள் இந்த மலையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது என் கட்சி.

731ஐ ஒட்டிய ஆண்டுகள் இங்கேயும் அமைதியாக இல்லை. காஞ்சியில் வாரிசு இல்லாமல் பல்லவ அரியணை காலியானபோது, கிளைக்குடும்பத்துச் சிறுவன் நந்திவர்மனை ஒரு பக்கம் முடிசூட்டியது. சித்திரமாயன் என்ற இன்னொருவனை ஆதரித்துப் பாண்டியன் இராசசிம்மன் படை நடத்தினான். முற்றுகையில் சிக்கிய நந்திவர்மனைத் தளபதி உதயசந்திரன் மீட்ட கதையை உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. சீனத் தொடர் எடுப்பவர்கள் கையில் கிடைத்தால் நாற்பது பகுதி ஓட்டுவார்கள்.

அந்த இரண்டு வானங்களுக்கும் நடுவே ஆள் போக்குவரத்தும் இருந்தது. 720இல் பல்லவன் இராசசிம்மன், இதே சுவான்சோங்கின் அவைக்குத் தூது அனுப்பித் தன் படைக்கு ஒரு பெயர் கேட்டு வாங்கினான். அதே காலத்தில் கடல்வழியாகச் சீனம் போய்ச் சேர்ந்தார் பௌத்தத் துறவி வஜ்ரபோதி. தென்னாட்டின் மலய நாட்டில் பிறந்தவர் என்கிறது சீனக் குறிப்பு. அது பாண்டிய மலைநாடு என்று கருதுவோர் உண்டு. அவரிடம் தீட்சை பெற்றவர்களில் ஒருவர் யி சிங், தாங் காலத்தின் தலைசிறந்த வானியலாளர். 724இல் நாட்டின் வடகோடி முதல் இன்றைய வியட்நாம் வரை குச்சி நட்டு நிழலளந்து, ஒரு பாகைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்ட ஆய்வு அவருடையது. சாங்ஆனின் அரசு வானியலில் இந்திய வம்சாவளிக் கௌதமக் குடும்பமும் இருந்தது. கௌதம சித்தர் இந்திய முறைக் கணிதத்தைச் சீனத்தில் எழுதிவைத்தார், சுழியத்துக்கு ஒரு புள்ளி உட்பட. யி சிங் இறந்த பிறகு, அவருடைய பஞ்சாங்கம் எங்கள் குடும்பத்து நூலிலிருந்து எடுத்தது என்று சித்தரின் மகன் வழக்குப் போட்டார். பழைய அவதானிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் யி சிங் வென்றார்.

சீன அவை கோள்களைப் பார்த்தது முக்கியமாக அரசியலுக்காக. அவர்களுக்கு வெள்ளி போரின் கோள், தண்டனையின் கோள். அது எங்கே, எப்போது எழுகிறது என்பதை வைத்துப் படை நகர்த்தலாமா என்று பார்த்தார்கள். வியாழன் நிற்கும் திசை எந்த நாட்டுக்கோ அதற்கு நன்மை. நம் புராணத்திலும் வெள்ளி அசுரகுரு, வியாழன் தேவகுரு, பரம்பரை எதிரிகள். அசுரகுரு எழுந்து தேவகுரு உறங்கும் நேரம் அபசகுனமாகத்தானே இருக்க வேண்டும்? திருப்பாவைப் பெண்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அவர்களுக்கு அது குளிக்கக் கிளம்பும் நேரம்.

கலகம் வந்தபோது வஜ்ரபோதியின் சீடர் அமோகவஜ்ரர் சாங்ஆனிலேயே தங்கிவிட்டார். ஊர் கலகக்காரர் கையில் இருந்தது. அவர் புதிய பேரரசருக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். போர் ஓயாத 759இல் அவர் சீனத்தில் தந்த நூல் எது தெரியுமா? 27 நட்சத்திரங்களையும் ஏழு கிழமைகளையும் விளக்கும் இந்தியச் சோதிட நூல்.

சுவான்சோங் காதலை 806இல் கவிதையாக்கிய பாய் ஜூயி, ஏழாம் மாதம் ஏழாம் இரவில் இருவரும் சத்தியம் செய்துகொள்வதாக எழுதினார். அது விண்ணில் நெசவுக்காரியும் இடையனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதாகச் சீனர் நம்பும் இரவு. நெசவுக்காரி அபிஜித் விண்மீன், 25 ஒளியாண்டு தொலைவில். இடையன் 17 ஒளியாண்டில். அந்த இடையன் விண்மீனை நாம் திருவோணம் என்கிறோம், திருமாலின் நட்சத்திரம். ஆயர்பாடி இடையனை வரித்த ஆண்டாளின் பாட்டில் அது ஏன் வரவில்லை என்றால், மார்கழி விடியலில் அது சூரியன் கிளம்பிய பிறகே எழும், கண்ணில் படாது. அதற்கு ஆவணி வேண்டும். அப்போது இரவு பத்து மணிக்கு வத்திராயிருப்பு வயலோரம் நின்றால் திருவோணம் ஏறக்குறைய உச்சியிலும் அபிஜித் வடக்கே சற்றுச் சரிந்தும் தெரியும். பிளவக்கல் அணைப் பக்கம் மட்டும் போக வேண்டாம், யானை நடமாடும் இடம்.