சர்வகலாசாலையும் கண்மாய்க் கரையும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். மழை பெய்து கண்மாய் பெருகினால் குடியானவர் வீட்டில் நெல் உண்டு. பெருகாவிடில் கடன் உண்டு. அதே வட்டாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில், பொறியியல் கற்பிக்கும் சர்வகலாசாலை ஒன்று நடைபெறுகிறது. காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரந்தான். ஆயினும் நமது நாட்டில் கல்விக்கும் கண்மாய்க்கும் உள்ள தூரம் மைல் கணக்கில் அடங்குவதன்று.

இதற்குத் திட்டங்கள் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. கைத்தொழில் வாயிலாகக் கல்வி என்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினார். கிராமிய சர்வகலாசாலைகள் வேண்டுமென டாக்டர் ராதாகிருஷ்ணன் கமிஷன் 1949-ல் சிபார்சு செய்தது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் 1976-ல் சர்வகலாசாலை அந்தஸ்தைப் பெற்றது. 1969-ல் 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணாக்கருடன் நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. 2014-ல் வந்த உன்னத் பாரத் அபியான், ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும் ஐந்து கிராமங்களையேனும் ஏற்க வேண்டுமென்கிறது.

நிற்க, நடைமுறை என்ன? ஏழு நாள் முகாம், ஊர்வலம், சில மரக்கன்றுகள், ஒரு படம். அவ்வளவோடு முடிந்துவிடுவது எத்தனை! துடைப்பம் பிடிப்பது இழிவென்று நாம் கூறவில்லை. ஆனால் துடைப்பம் பிடிக்க மூன்று வருஷம் பொறியியல் படிக்க வேண்டுவதில்லை. கண்மாயை மட்டம் பார்த்து, எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது, மடையைப் பழுதுபார்க்க என்ன செலவாகும் என்று கணக்கிட்டுத் தருவதன்றோ அம்மாணாக்கன் செய்யத்தக்க சேவை? ரசாயனம் கற்றவன் குடிநீரைச் சோதிக்கட்டும். வர்த்தகம் கற்றவன் உழவர் கூட்டுறவின் கணக்கைச் சீர்படுத்தட்டும். சட்டம் கற்றவன் பட்டா விவகாரத்துக்கு மனு எழுதித் தரட்டும். விவசாயக் கல்லூரி மாணாக்கர் கிராமத்தில் தங்கிப் பயில்வது பாடத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. மற்றவர்க்கு மட்டும் ஏன் கூடாது?

இன்னொன்று. எந்த வயல் எத்தனை நாள் தண்ணீர் தாங்கும், எந்தக் கரை எப்போது கசியும் என்பதை மடை திறக்கும் கிழவர் அறிவார், புத்தகம் அறியாது. ஆகவே கிராமத்துக்குச் செல்லும் யுவர்கள் அங்கும் மாணாக்கராகவே இருக்க வேண்டும்.

நாம் கோருவது அதிகமன்று. ஆண்டுக்கொரு ஊர் என்று தாவாமல் ஒரே ஊரில் மூன்று வருஷம் வேலை செய்யட்டும். செய்ததைத் தமிழில் எழுதி, அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில் படிக்கட்டும். அவ்வேலைக்கு மார்க்கு உண்டு; அதைப் போடுவதில் ஊராருக்கும் பங்கு உண்டு என்று சர்வகலாசாலைகள் விதி செய்யட்டும்.

அடுத்த மழைக்கு முன் தேவதானம் போன்ற ஓர் ஊரில் ஒரு மடையேனும் இவ்விதம் செப்பனிடப்படுமாயின், பட்டமளிப்பு விழாப் பிரசங்கங்கள் பத்தைக் காட்டிலும் அது மேலென்போம். ஜனங்களின் வரிப்பணத்தில் வளர்ந்த கல்வி ஜனங்களிடம் திரும்புவது தருமமன்று, கடன் தீர்ப்பதேயாகும்.