காம்போதி டு சாரமதி: மெட்டை மாற்றினால் கீர்த்தனை பெட்டர் ஆகுமா?

குன்னத்தூரிலிருந்து தினமும் திருப்பூருக்கு பஸ் ஏறும் மெர்ச்சண்டைசர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: பையர் ஓகே செய்த சாம்பிள்தான் வேதவாக்கு. ஒரு ஷேடு மாறினால் போதும், லாட் முழுக்க ரிஜெக்ட். அதே ஆள் வீடு திரும்பும்போது ஹெட்ஃபோனில் கேட்கிற 'மரி மரி நின்னே' பாட்டு, சாம்பிளிலிருந்து கலரே மாறிப்போன பீஸ் என்பது பலருக்குத் தெரியாது.

தியாகராஜர் (1767-1847) இயற்றிய இந்த கீர்த்தனையைக் கச்சேரிகளில் காம்போதி ராகத்தில்தான் பாடுவார்கள். 1985-ல் வந்த பாலசந்தரின் 'சிந்து பைரவி' படத்துக்காக இளையராஜா இதை சாரமதி ராகத்துக்கு மாற்றினார். பாடியது யேசுதாஸ். கர்னாடக இசை வட்டாரத்தில் எதிர்ப்பும் கிளம்பியது. 'தியாகராஜர் மெட்டில் கை வைக்கலாமா?' என்பதுதான் கேள்வி.

அப்படி என்ன மாற்றம்? காம்போதியில் வரும் பெரிய காந்தாரமும் பெரிய தைவதமும் சாரமதியில் சின்னதாகிவிடும். மேற்கத்திய பாஷையில் சொன்னால், மேஜர் போய் மைனர் வருகிறது. நிதானமான, கம்பீரமான பாட்டு சட்டென்று ஏக்கமாகிவிடுகிறது.

காரணம் படத்திலேயே இருக்கிறது. சித்ரா பாடும் 'பாடறியேன்' நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, ஸ்வரங்களாக விரிந்து, கடைசியில் 'மரி மரி'யில் போய்ச் சேரும். இரண்டும் ஒரே ராகத்தில் இருந்தால்தான் அந்த இணைப்பு நிற்கும். ஆக, தியாகராஜரைத் 'திருத்த' வேண்டிய தேவையே அங்கே இல்லை. கதைக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. இளையராஜா, சித்ரா இருவருக்கும் இந்தப் படம் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது.

சரி, எது பெட்டர்? அந்த சீனுக்கு சாரமதிதான். ஆனால் காம்போதியில் அரை மணி நேரம் விரித்துப் பாடக்கூடிய விஸ்தாரத்தை சினிமா பாட்டின் சில நிமிடங்களில் தேடக் கூடாது. அது வேற பாட்டு, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கல். நம் சங்கீதத்தில் 'சீல் வைத்த சாம்பிள்' என்று ஒன்று உண்டா? தியாகராஜர் பாட்டுகள் உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என மூன்று சிஷ்ய பரம்பரைகள் வழியாக வாய்மொழியாகவே பெருமளவு நமக்கு வந்தன. ஒரே கீர்த்தனைக்கு ஆளுக்கொரு பாடம். ஒரிஜினல் எது என்பதிலேயே சண்டை போடலாம்.

பாரதியார் விஷயத்தில் அந்த சந்தேகம்கூட இல்லை. 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டுக்கு அவரே பைரவி ராகம் என்று குறித்து வைத்தார். இன்று அதை அப்படிப் பாடி யார் கேட்டிருக்கிறோம்? 1951-ல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் அதை காபியில் தொடங்கும் ராகமாலிகையாக்கினார். எம்.எல்.வசந்தகுமாரி குரலில் வந்த அந்த மெட்டுதான் கச்சேரி மேடை முதல் ஸ்கூல் ஆண்டுவிழா வரை எங்கும் ஒலிக்கிறது. இங்கே மாற்றம் ஜெயித்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம். கவிஞரின் சொந்த மெட்டு மறந்துபோனது அதற்குக் கொடுத்த விலை.

எல்லாவற்றையும் தாளில் எழுதி வைக்கும் மேற்கிலாவது நிலைமை வேறா என்றால், அதுவும் இல்லை. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதியை, 1731-ல் அவரே ஆர்கன், டிரம்பெட், டிரம்ஸ் சேர்த்து சர்ச் இசையாக மாற்றினார். ஒற்றை வயலினின் வேகமும் தனிமையும் போய் திருவிழா சத்தம் வந்தது. இதே வயலின் இசையை எடுத்துத்தான் இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' செய்தார். அந்த ஆல்பத்தையே தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் சமர்ப்பித்தார்.

ஒரு சின்ன டெஸ்ட் வேண்டுமா? காம்போதி 'மரி மரி'யை எந்தப் பாடகர் குரலிலாவது முதலில் கேளுங்கள். சினிமா வெர்ஷனை அப்புறம் போடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகத்தான் கேட்டிருப்போம். முதலில் காதில் விழுந்ததையே ஒரிஜினல் என்று நினைத்துக்கொள்கிறோமோ என்ற சந்தேகம் அப்போது கண்டிப்பாக வரும்.