அந்தரத்தில் நிற்கும் புத்தகத் தட்டு

வீட்டிலே பிள்ளைகள் படிக்கத் தொடங்கிய நாள் முதலாகப் புத்தகங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. வீடு மாத்திரம் பெருகுவதில்லை. கொழும்பு போன்ற நகரங்களில் மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் இந்த நெருக்கடியை நன்கறிவர். அலுமாரி ஒன்றை வாங்கி வைத்தால் மேசைக்கு இடமில்லை. மேசையை வைத்தால் பாய் விரிக்க இடமில்லை. இதற்குப் பரிகாரமாக இந்நாளில் பலரும் நாடுவது, காலோ கையோ வெளியே தெரியாமல் சுவரோடு ஒட்டி நிற்கும் தட்டு ஆகும். பார்ப்பவர் கண்ணுக்குப் பலகை அந்தரத்தில் மிதப்பது போலத் தோன்றும். தூசி தட்டுவதும் எளிது. கீழே நிலமும் மிஞ்சுகிறது. அழகான பொருள்தான், ஐயமில்லை. ஆனால் அந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு அதனைப் பொருத்துவது நன்று. விலை கொடுப்பது சுவரும், சுவருக்குள் மறைந்திருக்கும் நாலைந்து திருகாணிகளுமே.

நம் முன்னோர் இந்த வில்லங்கத்துக்குள் அகப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளிலே விளக்கு வைப்பதற்கு மாடம் அமைத்தார்கள். அது சுவரின் தடிப்புக்கு உள்ளேயே குடைந்தெடுத்த இடம். வெளியே ஓர் அங்குலமும் நீட்டிக்கொண்டிராது. வைத்த பாரம் நேரே கீழிறங்கிச் சுவரிலே சேர்ந்துவிடும். அடுக்களையில் உறி கட்டினார்கள். அதன் பாரம் கயிற்றின் வழியே வளைமரத்துக்குப் போயிற்று. இரண்டிலும் வளைப்பதும் நெம்புவதும் இல்லை. அவ்வளவு தடித்த சுவர்களை இன்று யாரும் எழுப்புவதில்லை. ஆகவே மாடத்தை இழந்தோம். அதற்கு ஈடாகப் பலகையைச் சுவருக்கு வெளியே நீட்டத் தலைப்பட்டோம்.

வெளியே நீட்டியவுடன் பலகை ஒரு நெம்பாக மாறிவிடுகிறது. பாடசாலையில் விஞ்ஞானம் கற்கும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். மறைவாகப் பொருத்தும் தட்டுகளிற் பெரும்பாலானவை ஒரே முறையில் அமைந்தவை. சுவரிலே ஒரு மரச்சட்டத்தைத் திருகாணிகளால் இறுக்குவார்கள். உள்ளே கோறையாகச் செய்த பலகைப்பெட்டியை அதன்மேற் செருகிவிடுவார்கள். அந்தச் சட்டத்தின் உயரம் 4 சென்ரிமீற்றர் என்றும், திருகாணிகள் அதன் நடுவிலே, அதாவது கீழ் விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். தட்டு சுவரிலிருந்து 24 சென்ரிமீற்றர் வெளியே நீள்கிறது. அதன்மேல் 20 கிலோ புத்தகம். பாரத்தின் மையம் சுவரிலிருந்து 12 சென்ரிமீற்றர் தூரத்தில் விழும். சட்டத்தின் கீழ் விளிம்பே பொறுதி. 20 ஐ 12 ஆற் பெருக்க 240. அதனை 2 ஆல் வகுக்க 120. அதாவது 20 கிலோப் புத்தகம், திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குவதற்கு 120 கிலோ நிறைக்குச் சமமான விசையோடு இழுக்கிறது!

இதே பலகையின் கீழே, முன்னாளில் எல்லா வீடுகளிலும் கண்ட முக்கோண இரும்புத் தாங்கியை வைத்திருந்தால் என்ன நேரும்? தாங்கியின் கால் சுவரோடு 20 சென்ரிமீற்றர் கீழிறங்குகிறது. மேல் திருகாணி அதன் அடி நுனியிலிருந்து 18 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. இப்பொழுது 240 ஐ 18 ஆல் வகுக்க வேண்டும். விடை 13 கிலோவுக்குச் சற்று மேல். அதே புத்தகம், அதே பலகை, அதே சுவர். கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு இரும்பை மறைத்துவிட வேண்டும் என்னும் ஆசைக்காக நாம் இழுவிசையை ஒன்பது மடங்காக்கிக் கொள்கிறோம்.

கணக்கு இத்துடன் முடிந்தால் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல செங்கற் சுவரில் நாலைந்து திருகாணிகள் ஒழுங்காகப் பதிந்திருந்தால் 120 கிலோவைப் பங்கிட்டுத் தாங்கிவிடும். ஆனால் வீட்டிலே குழந்தை உண்டு. மூன்று நான்கு வயதுப் பிள்ளை மேலேயிருக்கும் பொம்மையை எடுக்க எண்ணித் தட்டின் முன் விளிம்பைப் பற்றித் தொங்குகிறது என்று வையுங்கள். பிள்ளையின் நிறை 15 கிலோ. விளிம்பின் தூரமோ 24 சென்ரிமீற்றர். இழுவிசையுடன் மேலும் 180 கிலோ சேர, மொத்தம் 300 கிலோ. அப்பொழுது பலகையும் புத்தகமும் சேர்ந்து எங்கே விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகையினாற்றான் கட்டிலின் தலைமாட்டிலும், தொட்டில் தொங்கும் இடத்திலும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்திலும் இவ்வகைத் தட்டை மாட்டலாகாது என்கிறோம். மேசையோ நாற்காலியோ அருகில் இருந்தால் எட்டாத உயரமும் எட்டும் உயரமாகிவிடும். இதையும் தாய்மார் கவனிக்க வேண்டும்.

எமக்கு அறிமுகமான முதிய ஓடாவியார் ஒருவர், தட்டு அடிக்கச் சொல்லி அழைத்தால் பலகையைத் தொடமாட்டார். முதலிற் சுவரைத் தட்டிப் பார்ப்பார். “தம்பி, பலகை எந்தக் கடையிலும் வாங்கலாம். சுவரை மாத்ததேலாது. அதைப் பாரும் முதல்” என்பார். அவர் சொல்வது முற்றிலும் சரி. சுவரின் மேற்பூச்சு அரை அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல். அதிலே எந்தத் திருகாணிக்கும் பிடிப்பு இல்லை. பிடிப்பு, பூச்சுக்கு அப்பால் உள்ள கல்லிலேதான். அந்தக் கல் எது என்பதைத் துளையிடும்போது உதிரும் தூளே சொல்லிவிடும். தூள் சிவப்பாயின் செங்கல், பிடிப்பு நன்று. தென்மேற்குப் பகுதிகளில் வழங்கும் கபுக் கல்லின் தூளும் செம்மஞ்சளாகவே இருக்கும். ஆயின் அது மென்மையானது. துளை எளிதில் அகன்றுவிடும். சாம்பல் நிறத் தூள் வந்து, திடீரென்று துளைகருவி முன்னே பாய்ந்து வெறுமைக்குள் புகுந்தால் அது உள்ளே கோறையான சீமெந்துக் கல். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவராயின் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து மாவாக உதிரும்; அவ்விடத்தை விட்டு விலகிக் கல்லிலேயே துளையிட வேண்டும். அறைகளைப் பிரிக்க வைத்த மெல்லிய பலகைத் தடுப்பில் புத்தகத் தட்டு மாட்டுவது பற்றி எம்மிடம் ஆலோசனை கேளாதிருப்பதே நல்லது.

திருகாணி நேராகக் கல்லைப் பற்றாது. இடையிலே ஒரு கூடு வேண்டும். முன்னாளில் துளையிலே மர ஆப்பை அடித்து இறுக்குவார்கள். கோடையில் ஆப்புச் சுருங்கத் திருகாணி ஆடத் தொடங்கும். இலண்டனிலே ரோலிங்ஸ் என்னும் கட்டட ஒப்பந்தகாரருக்கு, பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைப் பழுதாக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. அவர் சணல் நாரைப் பசையூட்டி இறுக்கிச் சிறு குழாயாக்கித் துளைக்குள் வைத்தார். திருகாணி உட்புகும்போது நார் விரிந்து கல்லை இறுகப் பற்றியது. 1911 ஆம் ஆண்டளவில் பிறந்த அந்தச் சிறு பொருளின் பெயரே இன்றும் நம் இரும்புக் கடைகளில் ‘றோல் பிளக்’ என்று வழங்குகிறது. 1958 இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஆர்தர் ஃபிஷர் அதனை நைலோனிற் செய்து காட்டினார். நாம் இப்பொழுது வாங்குபவை பெரும்பாலும் அதன் வழிவந்தவை. சில சதத்துக்குப் பெறுமதியற்றது போலத் தோன்றும் இந்தக் கூடுதான் 300 கிலோவுக்கும் பிள்ளையின் தலைக்கும் இடையே நிற்கிறது. ஆகவே மலிவானதை நாடவேண்டாம். கோறைக் கல்லுக்குச் சாதாரணக் கூடு உதவாது. உள்ளே போய் விரிந்து பின்புறத்தில் மாட்டிக்கொள்ளும் வகை தனியே உண்டு.

இனி வேலை முறை. நீர்மட்டம் இல்லாதவர்கள் தெளிவான றப்பர்க் குழாய் ஒன்றிலே தண்ணீர் நிரப்பி இரு நுனிகளையும் சுவரோடு பிடித்தால் போதும்; மேசன்மார் கையாளும் பழைய உபாயம் இது. நீர் நிற்கும் இரு இடங்களையும் இணைத்துக் கோடு கீறுங்கள். 8 மில்லிமீற்றர் கூட்டுக்கு 8 மில்லிமீற்றர்த் துளையே வேண்டும். சற்றுப் பெரிதானாலும் பிடிப்பு இல்லை. துளையின் ஆழத்தை அளக்கும்போது பூச்சின் தடிப்பைக் கழித்துவிட வேண்டும். துளைத்தபின் உள்ளிருக்கும் தூளை முற்றாக அகற்றுங்கள். தூளின் மேற் செருகிய கூடு மணலில் நட்ட கம்பு போன்றது. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம்.

மின்கம்பிகள் சுவருக்குள்ளே செல்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவை பொதுவாக ஆளியிலிருந்தும் குதையிலிருந்தும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ பக்கவாட்டாகவோ ஓடும். அந்த நேர்கோடுகளில் துளையிடவே கூடாது. நமது வீடுகளில் ஓடுவது 230 வோற்று மின். பிரதான ஆளியை நிறுத்திவிட்டு வேலை செய்யலாமே என்றால், துளைகருவி ஓட மின்சாரம் வேண்டும்! மின்கலத்தில் இயங்கும் கருவி இரவலாகக் கிடைக்குமாயின் இந்தச் சிக்கல் தீரும்.

மறைவான தட்டையே விரும்புவோர் இழுவிசையைக் குறைக்க வழிகள் இல்லாமலில்லை. நமது கணக்கிலே தட்டின் நீட்டத்தை 24 இலிருந்து 16 சென்ரிமீற்றராகக் குறைத்தால் 120 கிலோ 80 ஆகிவிடும். பெரும்பாலான கதைப் புத்தகங்களுக்கு அந்த அகலம் தாராளம். சட்டத்தின் உயரத்தை 8 சென்ரிமீற்றராக்கித் திருகாணிகளைக் கீழ் விளிம்பிலிருந்து 6 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தால் 120 கிலோ 40 ஆகும். தட்டு சற்றே தடித்துத் தோன்றும். அதனால் ஒரு குறையுமில்லை. மரத்தைப் பொறுத்தவரை தேக்கும் முதிரையும் உறுதியானவை என்றாலும் பாரமானவை. அந்தப் பாரமும் கணக்கிற் சேரும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை ஈரம்பட்டால் ஊதி உதிரும். மாரிகாலத்தில் நனையும் வெளிச்சுவருக்கு அது பொருந்தாது.

எமது அபிப்பிராயத்தைக் கேட்பீர்களாயின், புகைப்படம், மணிக்கூடு, பூச்சாடி ஆகியவற்றுக்கு மறைவான தட்டு. புத்தகத்துக்குத் தாங்கி வைத்த தட்டு. நிமிர்த்தி அடுக்கிய புத்தகங்கள் ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ நிறுக்கும். க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளையின் அகராதிகளும் வினாத்தாள் தொகுப்புகளும் அதற்கு மேலும் போகும். தாங்கிகளை விகாரமென்று நினைப்பவர்கள் கொல்லரிடம் சொல்லி அழகாக வளைத்துப் பெறலாமே.

எவ்வகைத் தட்டாயினும் பொருத்திய அன்றே நிரப்பிவிடாதீர்கள். முதல் நாள் பாதிப் பாரம் ஏற்றி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். மறுநாட் காலையிலே பலகையின் பின் விளிம்பு சுவரைத் தொடும் மேற்புறத்தில் ஒரு மெல்லிய கடதாசியை நுழைத்துப் பார்க்க வேண்டும். முன்பு நுழையாத கடதாசி இப்பொழுது நுழைந்தால், திருகாணி இளகுகிறது என்பது பொருள். உடனே பாரத்தை இறக்கிவிட்டு ஓடாவியாரை அழையுங்கள். நுழையாவிட்டால் மீதியை அடுக்கலாம். பாரமானவை சுவரோடு ஒட்டியும் இலேசானவை முன்புறமுமாக. மாரி முடிந்தபின் ஆண்டுக்கொரு முறை அதே கடதாசிச் சோதனையைச் செய்துகொண்டால் போதும்.